'டக்'னு மாட்ட மாட்டேங்குதா? பெடலை மட்டும் திட்டாதீங்க!

வியாழக்கிழமை காலை. அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு வண்டிகள் வந்து குவிந்துகொண்டிருந்த நேரம். கயிற்றை உருவிக்கொண்டு ஒரு கிடா ரோட்டின் குறுக்கே ஓட, பிரேக் பிடித்தேன். சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை. இடது கால் பெடலில் மாட்டியபடியே, வெட்டிய வாழை மாதிரி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன். டீக்கடையிலிருந்து ஓடி வந்து தூக்கிவிட்ட பெரியவர் கேட்டார்: "ஏப்பா, காலை எதுக்கு பெடலோட பூட்டி வச்சிருக்க?"

நியாயமான கேள்விதான். நான் போட்டிருந்தது கிளிப்லெஸ் பெடல். ஷூவின் அடியில் 'கிளீட்' என்று ஒரு சின்னத் தகடு திருகப்பட்டிருக்கும். அது பெடலில் உள்ள ஸ்பிரிங் பிடிக்குள் 'டக்'கென்று உட்காரும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். காலைப் பூட்டிவைக்கிற பெடலுக்கு ஏன் 'கிளிப் இல்லாதது' என்று பெயர்? முன்பெல்லாம் ரேஸ் சைக்கிள்களில் கால்விரல் பக்கம் ஒரு கூண்டும், இறுக்கிக் கட்ட வாரும் இருக்கும். அதற்குத்தான் 'டோ கிளிப்' என்று பெயர். அது இல்லாததால் இது கிளிப்லெஸ். பனிச்சறுக்குக் காலணியைப் பலகையில் மாட்டும் முறையைப் பார்த்து, 1984-ல் பிரான்ஸின் 'லுக்' நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே பெர்னார்ட் இனோ இதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் ஜெயிக்க, கூண்டுகள் மெல்ல மறைந்தன.

இனோவுக்கு மாட்டியது, எனக்கு ஒரு வாரமாக மாட்டவில்லை. வலது கால் சமர்த்தாக உட்காரும். இடது கால் மட்டும் மிதித்து மிதித்துப் பார்த்தாலும் வழுக்கும். அன்று காலை எப்படியோ குத்தி ஏற்றிவிட்டேன். ஏறியது, இறங்கவில்லை. மீதிக் கதைதான் உங்களுக்குத் தெரியுமே.

முதலில் ஸ்பிரிங் மேல்தான் சந்தேகம். பெடலில் பிளஸ், மைனஸ் குறி போட்ட சின்ன ஆலன் திருகு இருக்கும். மைனஸ் பக்கம் திருப்பினால் பிடி தளரும். புதிதாகப் பழகுகிறவர்கள் முழுக்கத் தளர்த்தியே வைக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு பக்கமும் மாட்டக்கூடிய ஷிமானோ எஸ்.பி.டி. வகையில் ஒரு பெடலுக்கு இரண்டு திருகு, ஆக மொத்தம் நான்கு. இரண்டைத் தளர்த்திவிட்டு மற்ற இரண்டை மறந்தால், ஒரு நேரம் மாட்டும், ஒரு நேரம் மாட்டாது. பேய் பிடித்த பெடல் என்று நினைத்துக்கொள்வோம். நான் நான்கையும் தளர்த்தினேன். பலனில்லை.

பிறகுதான் ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தேன். கிளீட்டின் இரு பக்கமும் ரப்பர் மேடு. இடது ஷூவில் அந்த மேட்டின் மேல் பெடல் உரசிய கறுப்புத் தடம். விஷயம் அதுதான். கிளீட் பெடலைத் தொடும் முன்பே ரப்பர் போய் முட்டிக்கொள்கிறது. வலதில் ஏன் பிரச்னை இல்லை? நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட் ஷூ. பழைய சொந்தக்காரர் நிற்கும்போதெல்லாம் வலது காலையே ஊன்றியிருப்பார் போல. அந்தப் பக்க ரப்பர் தேய்ந்து, பெடலுக்கு வழிவிட்டிருந்தது. ரப்பர் முட்டினால் மாட்டுவது மட்டுமல்ல, கழற்றுவதும் கஷ்டம். சந்தையில் நான் சாய்ந்ததற்குக் காரணமும் இதுவே.

இதற்கு இரண்டு வழி. கிளீட்டுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்று வைத்து உயர்த்தலாம். அல்லது ரப்பரைச் செதுக்கலாம். பஸ் ஸ்டாப் பக்கம் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொடுத்தேன். தோல் வெட்டும் கத்தியால் இழை இழையாகச் சீவி, "போதுமா பாரு தம்பி" என்று மூன்று முறை மாட்டிப் பார்க்கச் சொன்னார். பெரிய சைக்கிள் கடைகளில்கூட இந்தப் பொறுமை கிடைக்குமா தெரியவில்லை.

உங்களுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். மழைக்குப் பிறகு நம்ம செம்மண்ணில் காலை ஊன்றினாலே போதும், கிளீட் குழியில் மண்ணும் பொடிக்கல்லும் அப்பிக்கொள்ளும். பழைய டூத் பிரஷ் ஒன்றைப் பையில் வையுங்கள். ஆன்லைனில் தனித்தனியாக வாங்கியவர்கள், கிளீட்டும் பெடலும் ஜோடிதானா என்று பாருங்கள். ஷிமானோவின் எஸ்.பி.டி.-எஸ்.எல்., லுக் கியோ இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றில் இன்னொன்று சரியாக உட்காராது. இவை பிளாஸ்டிக் என்பதால் நடந்தே தேய்ந்துவிடும். தேய்ந்ததை மாற்றத்தான் வேண்டும்.

இதைவிட ஆபத்து, கிளீட்டின் திருகு தளர்வது. காலைத் திருப்பினால் கிளீட்டும் கூடவே சுற்றும், பெடல் விடவே விடாது. கிளம்பும் முன் ஆலன் கீயால் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புதியவர்களுக்கு ஷிமானோவில் எஸ்.எச்.56 என்ற கிளீட் நல்லது. ஒரே திசையில்தான் திருப்ப வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

மாட்டும் முறையும் முக்கியம். நேராகக் குத்தக் கூடாது. விரல் பக்கத்தை முதலில் கொக்கிபோல் நுழைத்து, பிறகு பாதத்தை அழுத்த வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது அழுத்தினால் அது நழுவி ஓடாது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலுக்கும் ஐம்பது முறை பழகுங்கள். குனிந்து பெடலைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். வண்டி கருப்பணசாமி கோயில் முன்னால் லாரியும் பஸ்ஸும் காரும் நிற்பதும் கிளம்புவதுமாக இருக்கும் நான்குவழிச் சாலை இது. மாட்டவில்லையா, நடுப்பாதத்தால் நாலு மிதி மிதித்து, ரோடு காலியான பிறகு முயலுங்கள்.

அடுத்த வியாழன் அதே டீக்கடை முன் நின்றேன். குதிகாலைத் திருப்பியதும் இடது கால் அலுங்காமல் வெளியே வந்தது. பெரியவர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, சாவி கிடைச்சிருச்சு போல?"

ரெண்டு டீ சொன்னேன்.