நடப்பு நிகழ்வுகளும் நாளைய அதிகாரிகளும்

மாவட்ட மைய நூலகம் எதற்கேனும் காலையில் கதவு திறந்த சிறிது நேரத்தில் போய்ப் பார்த்தால், நாளிதழ்கள் கிடக்கும் நீள மேஜைகளைச் சுற்றிக் குனிந்த தலைகளே வரிசையாகத் தென்படும். சினிமாச் செய்தியையோ கிரிக்கெட் விவரத்தையோ நாடி வந்தவர்கள் அல்லர் அவர்கள். சர்க்கார் உத்தியோகத்துக்கான பரீட்சையை எழுதும் பொருட்டுப் பத்திரிகையை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சலித்து, கேட்கத்தக்கது இது, கேட்கத்தகாதது இது என்று பகுத்து, தக்கதை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளும் இளைஞர்களும் யுவதிகளும். இத்தனை சிரத்தையோடு பத்திரிகை படிக்கும் கூட்டம் இந்தத் தேசத்தில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இத்தனை சிரத்தையோடு படித்தும் நாட்டு நடப்பை இவ்வளவு சொற்பமாக அறிந்துகொள்ளும் கூட்டமும் வேறொன்று இல்லை என்று நான் சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஏனெனில் குற்றம் அவர்களுடையதன்று.

அந்த நோட்டுகளுள் ஒன்றைப் புரட்டிப் பார்ப்போம். ஓரத்தில் தேதி, சிவப்பு மையில் தலைப்பு, நீல மையில் விவரம். பிரான்ஸுடன் நம் கடற்படை நடத்தும் கூட்டுப் பயிற்சிக்கு ‘வருணா’ என்று பெயர்; இலங்கையுடன் நம் தரைப்படை நடத்துவது ‘மித்ர சக்தி’; அமெரிக்காவுடன் நடத்துவது ‘யுத் அப்யாஸ்’. இன்ன விருதை இன்னார் பெற்றார்; இன்ன குறியீட்டில் இந்தியாவுக்கு இத்தனையாவது இடம்; இன்ன தினத்துக்கு இவ்வாண்டின் கருப்பொருள் இது; இன்ன ஆணையத்துக்கு இன்னார் தலைவராக நியமனம். அதே பத்திரிகையில், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராததன் காரணத்தையும், கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைகள் மழையில் நனைந்த கதையையும், நிலம் கையகப்படுத்தும் உத்தரவொன்றை நீதிமன்றம் ரத்துசெய்தபோது எடுத்துரைத்த நியாயங்களையும் பற்றி எத்தனை பத்திகள் வெளிவந்திருந்தாலும், அவற்றுக்கு நோட்டில் இடம் கிடைப்பதில்லை. பெயரும் தேதியும் உள்ளவை ‘கரன்ட் அஃபேர்ஸ்’. காரணமும் விளைவும் உள்ளவை வெறும் செய்தி என்பது அந்த மேஜையில் எழுதப்படாத சட்டமாக இருந்துவருகிறது.

இந்தச் சட்டம் எங்கிருந்து பிறந்தது என்று விசாரித்தால், அதன் தாய்வீடு, வட்டங்களை நிரப்பி விடையளிக்கும் ஓ.எம்.ஆர். தாள் என்பது விளங்கும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் நான்கு தேர்வுக்கு, சில ஆயிரம் இடங்களின் பொருட்டு, 2024ஆம் ஆண்டில் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அகில இந்தியக் குடிமைப்பணித் தேர்விலோ ஏறத்தாழ ஆயிரம் இடங்களை முன்னிட்டுச் சுமார் பத்து லட்சம் பேர் விண்ணப்பிக்கிறார்கள். அதன் முதல்நிலையின் பொது அறிவுத் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண், இரண்டு மணி நேரம், தவறான விடைக்கு மூன்றிலொரு பங்கு கழிவு. இத்தனை லட்சம் விடைத்தாள்களை மனிதர் திருத்துவது நடவாத காரியமாதலால் இயந்திரம் திருத்துகிறது; இயந்திரம் திருத்த வேண்டுமானால் கேள்விக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும்; அந்த ஒரே விடையும் எவரும் மறுக்கமுடியாததாக இருந்தாக வேண்டும், ஏனென்றால் உத்தேச விடைக்குறிப்பு வெளியானவுடன் ஆட்சேபங்கள் வரும், ஆட்சேபங்களைத் தொடர்ந்து ரிட் மனுக்கள் வரும், வழக்கு முடிகிறவரை நியமனங்கள் தாமதப்படும். ஆகவே கேள்வி தயாரிக்கும் பேராசிரியர், கடைமடை வறட்சியைப் பற்றிக் கேட்டு வம்பை விலைக்கு வாங்குவதைக் காட்டிலும், விருது பெற்றவர் யார் என்று கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவதையே விரும்புவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வழக்கு வராத கேள்விதான் நல்ல கேள்வி என்ற நிலைமையை உண்டாக்கிவிட்டு, அவரிடம் ஆழமான கேள்வியை எதிர்பார்ப்பது நியாயமாகாது. மாநிலத் தேர்வாணையம் சில ஆண்டுகளாக ஐந்தாவதாக ஒரு வட்டத்தைச் சேர்த்து, ‘விடை தெரியவில்லை’ என்று நிரப்பவும் இடமளித்திருக்கிறது. வினாத்தாள் முழுவதிலும் மிகவும் நேர்மையான வாசகம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

பொது அறிவு என்பதற்கு எப்போதும் இவ்வளவு மரியாதை இருந்ததில்லை. 1854இல் மெக்காலே தலைமையில் கூடிய குழு, கம்பெனி இயக்குநர்களின் சிபாரிசினால் நடந்துவந்த நியமனங்களுக்குப் பதிலாகப் போட்டிப் பரீட்சையைப் புகுத்தியபோது, இந்தியாவை ஆளப்போகிறவனைத் தேர்ந்தெடுக்கையில் இந்தியாவின் அன்றாட நடப்பைப் பற்றி அவனிடம் கேட்கவில்லை. ஆங்கில இலக்கியத்துக்கும் கணிதத்துக்கும் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் மதிப்பெண்ணை வாரி வழங்கிவிட்டு, தேர்வு பெற்ற பிறகே இந்தியச் சரித்திரத்தையும் சட்டத்தையும் மொழிகளையும் படிக்கச் சொன்னது. அந்த அந்நியப் பரீட்சையில் 1863இல் தேறிய முதல் இந்தியர் சத்தியேந்திரநாத் தாகூர்; அதை இந்திய மண்ணிலும் எழுதலாம் என்றாவதற்கு 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுதந்திரத்துக்குப் பின்னர்ப் பொது அறிவு கட்டாயத் தாள்களில் ஒன்றாக நிலைபெற்றது. கோத்தாரி குழுவின் யோசனையின்படி 1979இல் முதல்நிலைத் தேர்வு என்னும் வடிகட்டி வந்து சேர்ந்தது. 2013 முதல் முதன்மைத் தேர்வில் பொது அறிவுக்கு நான்கு தாள்கள், அவற்றுள் ஒன்று அறநெறி பற்றியது; அந்தத் தாள்களில் கேட்கப்படும் கேள்விகள் உண்மையாகவே காரண காரியங்களை ஆராய்பவை என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அந்த மண்டபத்துக்குள் போய் உட்காருகிறவர்கள், முதல்நிலை எழுதியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் மாத்திரமே. எஞ்சியவர்கள் தங்கள் யௌவனத்தின் சிறந்த ஆண்டுகளை வாசற்படியிலேயே கழித்துவிடுகிறார்கள்.

அந்த வாசற்படியை மேலும் உயர்த்தினால் தரம் உயர்ந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. 2023ஆம் ஆண்டு முதல், எந்தெந்தக் கூற்றுகள் சரி என்று கேட்பதை விட்டு, எத்தனை கூற்றுகள் சரி என்று கேட்கும் வழக்கம் மத்தியத் தேர்வில் பெருகியிருக்கிறது. ஒரு கூற்றைப் பற்றித் திட்டமாகத் தெரிந்துகொண்டு மற்றவற்றை யுக்தியால் விலக்கும் வழி இதனால் அடைபட்டது மெய்தான். ஆனால் மூன்றில் இரண்டைத் தெரிந்தவனும், ஒன்றையுமே தெரியாதவனும் ஒரே வட்டத்தை நிரப்பிவிட்டு வெளியே வருகிறார்கள். நோட்டுகள் தடிமனாகியிருக்கின்றனவே தவிர, ஞானம் தடிமனாகவில்லை.

ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 1,248 ஹெக்டேர். ராம்சர் என்பது ஈரானிலுள்ள நகரம். அங்கே ஈரநிலப் பாதுகாப்பு உடன்படிக்கை கையெழுத்தான நாள் 1971 பிப்ரவரி 2. இவை யாவும் நோட்டில் இருக்கும், மாதிரித் தேர்வில் விடையாகவும் வந்துவிடும். மேடவாக்கத்திலோ பெரும்பாக்கத்திலோ அறையெடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவன் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் முழங்கால் தண்ணீரில் நடந்து வகுப்புக்குப் போகிறான். அவன் காலை நனைக்கும் தண்ணீருக்கும் நோட்டிலுள்ள பள்ளிக்கரணைக்கும் என்ன சம்பந்தம் என்று அவனை எவரும் கேட்டதில்லை. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழிந்தோடிவரும் நீர் அந்தச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலோடு கலக்க வேண்டும் என்பதும், அந்தச் சதுப்பு ஒருகாலத்தில் இன்றிருப்பதைப் போலப் பன்மடங்கு பரந்து கிடந்தது என்பதும், பெருங்குடிக் குப்பைமேடும் ராஜபாட்டையாக எழும்பிய தகவல் தொழில்நுட்பச் சாலையும் அடுக்குமாடிகளும் அதன் உடலைச் சிறுகச் சிறுக அரித்தெடுத்தன என்பதும், இவற்றுக்கெல்லாம் அனுமதி வழங்கிய கையெழுத்துகள் பரீட்சை எழுதித் தேறிய அதிகாரிகளுடையவை என்பதும் எந்த நோட்டிலும் இல்லை. நாளைக்கு அவன் ஓர் உதவி ஆட்சியராக உட்கார்ந்து, வேறோர் ஊரின் ஏரிக்கரையில் மனை வகுப்பதற்கான கோப்பைப் பிரிக்கும்போது, ஈரானிலுள்ள நகரத்தின் பெயர் அவனுக்கு என்ன வழிகாட்டும்?

சரித்திரப் பகுதியின் கதியும் இதுவே. பராந்தக சோழன், உத்தரமேரூர், குடவோலை என்னும் மூன்று சொற்களை அறியாத தேர்வாளர் தமிழ்நாட்டில் ஒருவரும் இருக்க முடியாது. சென்னையிலிருந்து பஸ்ஸில் போய் அன்றைக்கே திரும்பிவிடக்கூடிய அந்த ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், கி.பி. 921ஆம் ஆண்டைச் சேர்ந்த சாசனம் சொல்லும் விஷயமோ, உத்தியோகத்துக்கு ஆளெடுக்கும் விதிகளேயன்றி வேறில்லை. வயது முப்பத்தைந்துக்குக் கீழோ எழுபதுக்கு மேலோ ஆகாது. வரி செலுத்தும் நிலம் கால்வேலியாவது இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் கூடாது. நிலமும் வேதப்பயிற்சியும் கேட்ட அந்தப் பிரமதேயச் சபையை இன்றைய ஜனநாயகத்தின் முன்னோடி என்று போற்றிப் பூரிப்பதில் எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை. ஆனால் கணக்குக் காட்டாதவனையும் அவன் சுற்றத்தையும் பதவிக்கு வெளியே நிறுத்திய விதியை, பதவிக்குப் போக விரும்பும் இளைஞனிடம் கேள்வியாகக் கேட்பதைவிட்டு, முறையின் பெயரை மட்டும் கேட்டுத் திருப்தியடைகிறோமே என்பதுதான் வருத்தம்.

மேல்நிலை உத்தியோகங்களைவிடக் கீழ்நிலை உத்தியோகத்தில் இந்தக் குறை அதிகமாகத் துன்புறுத்துகிறது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தினால், தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் சில குடும்பங்களின் கையிலேயே இருந்துவந்த பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர் என்னும் புதிய பதவிக்குத் தேர்வாணையத்தின் மூலம் ஆளெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதை அங்கீகரித்தது. தமிழ்நாட்டு நிர்வாக சரித்திரத்தில் இதைவிட முக்கியமான சமூக மாறுதல் அதிகமில்லை என்றே நான் கருதுகிறேன். எந்தத் தெருவில் பிறந்தவனும் ஊர்க் கணக்கைக் கையிலெடுக்கலாம் என்றாயிற்று. பழைய கணக்குப்பிள்ளை பட்சபாதமுடையவராக இருந்தார், பலருக்குக் கொடுமையும் செய்தார். எனினும் எந்தப் புல எண்ணில் என்ன பயிர், அதற்குப் பாயும் வாய்க்கால் எது, பட்டா யார் பெயரில், உழுகிறவர் யார் என்பது அவருக்குத் தலைகீழாகத் தெரியும். அவருடைய பிறப்புரிமையைப் பறித்துப் பரீட்சைக்குக் கொடுத்தபோது, அவருக்கிருந்த அறிவையும் பரீட்சை கேட்டிருக்க வேண்டும். அந்தப் பதவிக்கும் ஆளெடுக்கும் குரூப் நான்கு தேர்வில் இன்று 200 கேள்விகள். நூறு தமிழ், எழுபத்தைந்து பொது அறிவு, இருபத்தைந்து திறனறிவு. தமிழைத் தகுதித் தாளாக்கியது மிகவும் சரி. மற்ற எழுபத்தைந்தில் பயிர்ப் பதிவேடான அடங்கலும் பசலி என்னும் வருவாய் ஆண்டும் கிராமக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியும் எத்தனை கேள்விகளுக்கு இடம் பிடிக்கின்றன என்று பழைய வினாத்தாள்களை எடுத்து எவரும் எண்ணிப் பார்க்கலாம். பணியில் சேர்ந்த பிறகு பயிற்சி கொடுக்கிறோமே என்று சமாதானம் சொல்வார்கள். பயிற்சி வேலையைக் கற்றுத்தரும். ஊரைப் பற்றி அறிய வேண்டும் என்ற பசி முன்னமே இல்லாதவனுக்கு அதைப் பயிற்சி உண்டாக்காது.

மாதந்தோறும் நடப்பு நிகழ்வுத் தொகுப்பு வெளியிட்டு, ‘டெஸ்ட் பேட்ச்’ நடத்தி, ‘கட் ஆஃப்’ இவ்வளவு வரும் என்று ஜோசியமும் சொல்லும் பயிற்சி நிலையங்களைப் பலர் திட்டுகிறார்கள். எனக்கு அதில் ருசியில்லை. பரீட்சை எதைக் கேட்கிறதோ அதை விற்கிறார்கள்; நாளைக்கே கேள்வி மாறினால் சரக்கும் மாறிவிடும்.

இயந்திரத்தை ஒழித்துவிட்டுக் கையால் திருத்தும் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இயந்திரம் திருத்தக்கூடிய கேள்வியிலேயே காரணத்தைக் கேட்க முடியும். ஓர் அடங்கல் பக்கத்தை வினாத்தாளிலேயே அச்சிட்டு, அதைப் படித்து இன்ன புலத்தில் இரண்டாம் போகம் விளைந்ததா என்று கேட்கலாம். ஒரு மாவட்டத்தின் பத்தாண்டு மழையளவையும் நிலத்தடி நீர்மட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அட்டவணையாகத் தந்து, இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு எது, பெறமுடியாத முடிவு எது என்று கேட்கலாம். அரசாணை ஒன்றின் இரண்டு பத்திகளைக் கொடுத்து, முதியோர் உதவித்தொகை கேட்டு வந்திருக்கும் இன்ன விதவைக்கு அது பொருந்துமா என்று கேட்கலாம். விடை தாளுக்குள்ளேயே இருப்பதால் வழக்குக்கும் இடம் குறையும். மனப்பாடத்துக்கு அங்கே வேலையே இல்லை. எழுபத்தைந்தில் பத்துக் கேள்விகளை இப்படி மாற்றினாலே, நூலக மேஜையில் பத்திரிகை படிக்கும் விதம் ஒரே ஆண்டில் மாறிவிடும் என்பது என் நம்பிக்கை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்தும்போது, குரூப் நான்கு தேர்விலிருந்தே இதைத் தொடங்கிப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.