தண்டனை விவாதத்தில் ஆய்வாளர்களும் பேசட்டும்

ஆசிரியருக்கு,

சிறுமிக்குக் கொடுமை என்று செய்தி வந்தால், எங்கள் ரயில் நிலையம் முதல் கும்மிடிப்பூண்டி சிப்காட் டீக்கடை வரை ‘சுட்டுத் தள்ளணும்’ என்பதே பேச்சு. கோபம் நியாயமானது. ஆனால் 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் கைதான நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டபோது போலீசார்மீது மக்கள் பூத்தூவினார்கள். கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்று அதை விசாரித்த சிர்புர்கர் ஆணையம் 2022இல் சொன்னபோது, பூத்தூவியவர்கள் எவரும் பேசக் காணோம்.

பழையனூர் நீலி கதை எங்கள் மண்ணுடையது. மனைவி வேடத்தில் வந்த பேயான அவளது கண்ணீரையே சாட்சியாக ஏற்று வணிகனை அவளோடு அனுப்பிய வேளாளர் எழுபது பேரும், அவள் அவனைக் கொன்றதும், கொடுத்த வாக்குக்காகத் தீப்பாய்ந்தார்கள். உணர்ச்சியை நம்பித் தீர்ப்புச் சொன்னதன் விலை அது.

தண்டனையின் கடுமையைவிட, ‘மாட்டிக்கொள்வோம்’ என்ற அச்சமே குற்றத்தைத் தடுக்கிறது என்கின்றன பல நாட்டுக் குற்றவியல் ஆய்வுகள். ஆயுள் தண்டனையைவிட மரண தண்டனை அதிகம் அச்சுறுத்துவதில்லை என்று நம் சட்ட ஆணையம் 262ஆவது அறிக்கையில் 2015இலேயே கூறிவிட்டது. ஆனாலும் சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கு 2018இலும் 2019இலும் மரண தண்டனை விரிவாக்கப்பட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களையும் தவறாகவே படிக்கிறோம். வழக்குகள் கூடினால் குற்றம் கூடிவிட்டது என்று பொருளல்ல. புகார் கொடுக்கும் துணிவு கூடியிருக்கலாம்.

சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன. அடுத்த பெரிய வழக்கின்போது, கட்சிப் பேச்சாளர்களுக்குத் தரும் இடத்தில் பாதியையாவது அந்த ஆய்வாளர்களுக்குத் தருமாறு வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
திருவாலங்காடு