பேரில்லாத மாத்திரை

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் விடியுமுன்னே மூட்டை தூக்குகிற மனிதர், லாரி கிளம்பியதும் நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போவார். "அண்ணாச்சி, மேல்வலிக்கு ஒரு செட் குடுங்க." பட்டையிலிருந்து கத்தரித்த நாலு மாத்திரை, ஒன்றும் எழுதாத காகிதக் கவரில் வரும். வெண்டைக்காய் மூட்டைக்குக்கூட துண்டுச் சீட்டு உண்டு சார். மனுஷன் வயிற்றுக்குள் போகிற சரக்குக்குக் கிடையாது!

அந்த செட்டில் வழக்கமாக டைக்ளோஃபினாக் இருக்கும், இல்லாவிட்டால் அதன் பங்காளி அசிக்ளோஃபினாக். டைக்ளோஃபினாக் மாத்திரை 'ஷெட்யூல் ஹெச்' மருந்து. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம்.

அடிபட்ட இடத்தில் உடம்பு புராஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனத்தைத் தயாரிக்கிறது. வலி, வீக்கமெல்லாம் அதன் கைங்கரியம். மாத்திரை அந்தத் தயாரிப்பையே நிறுத்திவிடுகிறது. (ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971-ல் சொன்னார். 1982-ல் நோபல் கிடைத்தது.) கோளாறு என்னவென்றால், இரைப்பைச் சுவரை அமிலத்திலிருந்து காப்பதும் இதே ரசாயனம்தான். உடம்பில் தண்ணீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். முதுகு எது, கிட்னி எது என்று மாத்திரைக்குத் தெரியாது. 'ஊசியாப் போட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது' என்பதும் சும்மா. ரத்தம் வழியாக அங்கேயும் போய்ச் சேரும்.

வேர்த்துக் கொட்டிய லோடுமேன், பி.பி. மாத்திரை சாப்பிடுகிற பெரியவர், பீடித்தட்டை மடியில் வைத்துக் குனிந்தே கழுத்து போன அம்மா. எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள்தான் தினசரி வாடிக்கை.

இதே டைக்ளோஃபினாக்கை மாட்டுக்குப் போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கிட்னி கெட்டு, கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006-ல் கால்நடைக்குத் தடை. மனிதர்களுக்கான பெரிய குப்பி மாட்டுக்குப் போகிறது என்று 2015-ல் 3 மில்லிக்கு மேற்பட்ட குப்பிக்கும் தடை. சந்தோஷம்! மனுஷ கிட்னி அவ்வளவு நோஞ்சான் இல்லைதான். அதற்காக அவனுக்கு ஏற்கெனவே இருக்கிற சட்டத்தைத் தூங்க விடுவதா?

"டாக்டரைப் பார்க்கப் போனா அன்னிக்குக் கூலியை யாரு குடுப்பா?" என்பார்கள். நியாயமான கேள்வி. சாயங்காலமும் டாக்டர் இருக்கிற சுகாதார நிலையத்தைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் பேரை மறைப்பதற்கு என்ன நியாயம்? 'வயித்துப் புண் உண்டா, பிரஷர் உண்டா, வேற வலி மாத்திரை போடுறீயளா?' என்று கேட்க அரை நிமிஷம் ஆகுமா? கவரில் மருந்தின் பேரை எழுதித் தந்தாலாவது, மலம் தார் மாதிரி கறுத்துப்போய் தென்காசி பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறவர் டாக்டரிடம் நீட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்கும்.