நான்கு முறை மதம் மாறிய நாட்டில் மாறாத நிலம்

இங்கிலாந்தின் டியூடர் அரச குடும்பத்தைப் பற்றிய படங்களையும் தொடர்களையும் தோழர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். எட்டாம் ஹென்றி, ஆறு திருமணங்கள், வெட்டப்பட்ட தலைகள், பட்டத்துக்கு வரப்போவது கத்தோலிக்க மேரியா புராட்டஸ்டன்ட் எலிசபெத்தா என்ற இழுபறி. எல்லாம் அரண்மனைக்குள்ளேயே நடக்கும். 1549இல் நார்விச் நகருக்கு வெளியே கூடிய உழவர்கள் அந்தக் கதைகளில் தலைகாட்டுவதே அரிது.

பட்டத்துக் கதையிலும் நமக்கு வேண்டியது இருக்கிறது. 1534இல் ஒரு சட்டம் மேரியை முறையற்ற வாரிசு ஆக்கியது. 1536இல் இன்னொரு சட்டம் எலிசபெத்தையும் அப்படியே ஆக்கியது. 1544இல் இருவருக்கும் வாரிசு வரிசையில் மீண்டும் இடம் கிடைத்தது. முறையற்றவர்கள் என்ற முத்திரை மட்டும் நீங்கவில்லை. பிறப்பின் புனிதம் என்கிறார்களே, அதை நாடாளுமன்றம் மூன்று முறை திருத்தி எழுதியது.

போப்பை விலக்கி அரசரே திருச்சபைக்குத் தலைவரானதும் அதே 1534இல்தான். 1547இல் ஹென்றி இறந்ததும் அந்தத் தலைமை, பிறப்பு ஒன்றே தகுதியாக, ஒன்பது வயது எட்வர்டுக்குப் போனது. அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில், லூத்தரின் மதச் சீர்திருத்தம் ஐரோப்பிய மக்களின் அரசியல் விடுதலைக்கு முன்னோடி என்று எழுதினார். பரம்பரைப் பூசாரி முறை ஒழிய வேண்டும் என்றும் அதே நூலில்தான் கேட்டார். முதல் கருத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, மதம் திருந்தினால் மற்றவை தானாக வரும் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தில் எதுவும் தானாக வரவில்லை.

1549 கோடையில் நார்ஃபோக் உழவர்கள், பொது மேய்ச்சல் நிலத்தை வளைத்துப் போட்டிருந்த வேலிகளைப் பிடுங்கினார்கள். ராபர்ட் கெட்டின் வேலிக்கும் வந்தார்கள். கெட் தோல் பதனிடும் தொழில் செய்தவர். நம் ஊர்க் கணக்கில் நினைத்துவிட வேண்டாம், நிலபுலம் உள்ள வசதியானவர். வந்தவர்கள் சொல்வது நியாயம் என்று ஏற்று, அவர்களுக்கே தலைவரானார். மவுஸ்ஹோல்டு மேட்டில் சுமார் 16,000 பேர் திரண்டார்கள். ஓர் ஓக் மரத்தடியில் வழக்கு விசாரித்தார்கள், எட்வர்டு அரசின் புதிய வழிபாட்டு நூலைக் கொண்டே ஜெபித்தார்கள். புதிய மதத்துக்கு அவர்கள் பகைவர்கள் அல்லர். அரசுக்கு எழுதிய 29 கோரிக்கைகளில் ஒன்று, பண்ணையடிமைகள் எல்லோரையும் விடுவிக்க வேண்டும் என்பது. காரணமும் மதத்திலிருந்தே சொன்னார்கள்: கடவுள் தன் இரத்தத்தைச் சிந்தி எல்லோரையும் விடுவித்துவிட்டார். 1525இல் ஜெர்மன் உழவர்களும் இதே காரணத்தைச் சொல்லித்தான் விடுதலை கேட்டார்கள். கலகத்தில் இறங்கிய அவர்களை வெட்டிச் சாய்க்கும்படி பிரபுக்களுக்கு எழுதியவர் லூத்தர்.

நார்விச்சுக்குப் படையோடு வந்தவர் வார்விக் பிரபு ஜான் டட்லி. ஆகஸ்ட் 27 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். டிசம்பரில் கெட்டை நார்விச் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். இதே டட்லிதான் 1553இல், புராட்டஸ்டன்ட் மதத்தைக் காப்பதாகச் சொல்லி, தன் மருமகள் ஜேன் கிரேயை அரியணையில் ஏற்றினார். ஒன்பது நாளில் அது கவிழ்ந்தது. மரண தண்டனை உறுதியானதும், தான் கத்தோலிக்கன் என்று அறிவித்துவிட்டுத்தான் டட்லி வெட்டுமேடை ஏறினார்.

அடுத்து வந்த மேரியின் ஆட்சியில், 1555 முதல் 1558 வரை, சுமார் 280 புராட்டஸ்டன்ட்டுகள் எரிக்கப்பட்டார்கள். பேராயர் கிரான்மர் போன்ற பெயர்கள் நினைவில் நிற்கின்றன. எரிந்தவர்களில் நெசவாளர்களும் கூலித் தொழிலாளர்களும் பெண்களும் ஏராளம். ஆனால் ஹென்றி கலைத்த மடங்களின் நிலத்தை வாங்கி வைத்திருந்த பிரபுக்களிடம் மேரியின் அரசு கைவைக்கவில்லை. நிலம் அவர்களிடமே இருக்கலாம் என்று போப்பின் சார்பில் 1554இல் உறுதி கிடைத்தது. அதன் பிறகே நாடாளுமன்றம் கத்தோலிக்க மதத்துக்குத் திரும்பியது. பூசை மாறினால் பிரபுக்களுக்குப் பரவாயில்லை, பட்டா மாறக்கூடாது!

1559இல் எலிசபெத் மீண்டும் மதத்தை மாற்றினார். 25 ஆண்டுகளில் நான்காவது முறை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராதவர்களுக்கு 12 பென்ஸ் அபராதம். கெட்டின் ஆட்கள் கேட்ட விடுதலை? 1574இல், தென்மேற்கு இங்கிலாந்தில் அரசிக்குச் சொந்தமான நிலங்களில் இன்னும் இருந்த பண்ணையடிமைகளை விடுவிக்க ஓர் ஆணைக்குழு போட்டார்கள். தன் விடுதலைக்கான தொகையை அந்த அடிமையேதான் கட்ட வேண்டியிருந்தது.