அதிர்வலை வைத்தியமும் பந்தயப் பிள்ளைகளும்

சமீப காலமாக சென்னை, கோவை, மதுரை முதலிய ஊர்களிலுள்ள பிசியோதெரபி நிலையங்களில் "ஷாக் வேவ்" என்பதாக ஒரு வைத்தியம் பரவி வருகிறது. பெரியவர்களின் குதிகால் வலிக்கும் தோள் வலிக்கும் என்று வந்த இந்த யந்திரம் இப்போது 13, 14 வயதுப் பிள்ளைகளின் காலிலும் வைக்கப்படுகிறது. ஓட்டம், கபடி, கிரிக்கெட் என்று ஏதோ ஒன்றில் பெயர் வாங்கத் தொடங்கிய பிள்ளைக்குச் சதை பிடித்துக்கொண்டாலும், முழங்காலுக்குக் கீழே வலித்தாலும், "நாலு தடவை வைத்துவிட்டால் அடுத்த மாதப் பந்தயத்தில் ஓடலாம்" என்று சொல்லித் தகப்பனாரிடம் ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்கப்படுகிறது.

மந்திரித்துக் கயிறு கட்டுவதைக் கண்டிக்கிற நாம், விஞ்ஞானத்தின் பேரால் வருகிற யந்திரத்தை ஆதரிக்க வேண்டியதுதானே என்று சிலர் நினைக்கலாம். யந்திரம் என்பதனாலேயே ஒரு காரியம் விஞ்ஞானமாகிவிடுமென்றால், கோயில் உண்டியலுக்கு மேல் மின்சார விளக்கு மாட்டிய அன்றைக்கே அந்த உண்டியலும் விஞ்ஞானமாகியிருக்க வேண்டும். விஞ்ஞானம் என்பது சோதித்துப் பார்த்த முடிவில் இருக்கிறதே தவிர, பளபளப்பான பெட்டியில் இல்லை.

இந்த அலையின் பிறப்பு யோக்கியமான பிறப்புதான். ஆகாய விமானம் செய்கிற டோர்னியர் என்னும் ஜெர்மன் கம்பெனியாரும் மியூனிக் நகர வைத்தியர்களும் சேர்ந்து, தண்ணீருக்குள் மின்பொறியை வெடிக்கச் செய்து, அதிலிருந்து கிளம்பும் அலையை ஒரே இடத்தில் குவித்து, மூத்திரக் காயிலுள்ள கல்லை வயிற்றைக் கிழிக்காமலே உடைத்தார்கள். மனிதர் மீது முதன்முதலில் இதைச் செய்தது 1980 பிப்ரவரியில். கல் உடைந்ததை எக்ஸ்ரே படத்தில் எவரும் பார்க்கலாம். அதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இன்று பல நிலையங்களில் பிள்ளைகளின் காலில் தட்டுகிற கருவி பெரும்பாலும் அந்த ஜாதியே அல்ல. ஒரு குழாய்க்குள் அழுத்தப்பட்ட காற்றினால் சிறு இரும்புக் குண்டைத் தள்ளி, அது முனையில் மோதுகிற மோதலைத் தோலுக்குக் கொடுப்பது அது. ஒரு தடவைக்கு சுமார் 2000 தட்டு. இதிலிருந்து வருவதற்கு உண்மையான அதிர்வலையின் குணம் இல்லை என்று அளந்து பார்த்த விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்கள். தட்டுவதனால் குணம் ஏற்படவே ஏற்படாது என்று நாம் சொல்ல வரவில்லை. கல்லை உடைத்த யந்திரத்தின் புகழை இரவல் வாங்கிக்கொண்டு வேறொரு யந்திரம் கடை வைத்திருக்கிறது என்பதைத்தான் சொல்லுகிறோம்.

நிற்க, வலி விஷயத்தில் சோதனைகள் என்ன சொல்லுகின்றன? 2003இல் ஜெர்மனியில் நாட்பட்ட குதிகால் வலியுள்ள 272 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்கு மெய்யான அலையும், மற்றப் பிரிவாருக்குக் காற்றடைத்த ஒரு தாளைக் குறுக்கே வைத்து அலை உள்ளே போகாமல் தடுத்த பொய்யான அலையும் கொடுத்தார்கள். 12 வாரம் கழித்து, மெய் அலை பெற்றவர்களில் 100க்கு 34 பேரும் பொய் அலை பெற்றவர்களில் 100க்கு 30 பேரும் தேறியிருந்தார்கள். முந்திய வருஷம் ஆஸ்திரேலியாவில் 166 பேரை வைத்துச் செய்த சோதனையிலும் வித்தியாசம் காணப்படவில்லை. மரத்துப்போக ஊசி போட்டதனால்தான் ஜெர்மனியில் பலன் தெரியவில்லை என்று ஒரு சாரார் வாதாடினார்கள். ஊசியில்லாமல் பின்னால் செய்த சில சோதனைகளில் பலன் தெரிந்ததும் உண்டு. ஆகவே பெரியவர்களின் நாட்பட்ட குதிகால் வலிக்கு இது உதவலாம் என்று சொல்லுகிறவர்களை நாம் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லமாட்டோம்.

அந்த 100க்கு 30 பேரை மட்டும் வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. ஒன்றுமே உள்ளே போகாமல் தேறியவர்கள் அவர்கள். திருநீறு போட்டுத் தேறியதாகச் சொல்லுகிறவர்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

இதெல்லாம் பெரியவர்கள் கதை. வளரும் பிள்ளையின் உடம்பு வேறு. எலும்பின் நுனியில் இன்னும் முற்றாத குருத்தெலும்புத் தட்டு ஒன்று இருக்கிறது. உயரம் வளர்வது அதனால்தான். இந்தக் காலத்தில் எலும்பு நீளுகிற வேகத்துக்குச் சதை நீளாமல் இழுத்துப் பிடிக்கிறது. ஓயாமல் ஓடிக் குதிக்கும்போது, அந்த இழுப்பெல்லாம் முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலிலும் உள்ள இளம் எலும்பில் விழுகிறது. வீட்டில் இதைச் "சதை வலி" என்கிறார்கள். முழங்கால் விஷயத்தை 1903இல் அமெரிக்காவில் ஆஸ்குட் என்பவரும் சுவிட்சர்லாந்தில் ஷ்லாட்டர் என்பவரும் தனித்தனியே எழுதினார்கள். குதிகால் விஷயத்தை 1912இல் செவர் என்பவர் எழுதினார். எலும்பு முற்றியதும் பெரும்பாலோருக்கு இது தானே அடங்கிவிடுகிறது. புதுப் பயிற்சிக்கு மறுநாள் வருகிற சதை வலியோ ஒரு வாரத்துக்குள் யாரையும் கேட்காமலே போய்விடும்.

தானே போகிற வலிக்கு எந்த வைத்தியம் செய்தாலும் கீர்த்தி வைத்தியத்துக்குத்தான் சேரும். மழைக்காலத்தில் யாகம் செய்கிற புரோகிதனுக்கு இந்த இரகசியம் நெடுநாளாகத் தெரியும்.

அதிர்வலை வைத்தியத்துக்கென்று உள்ள சர்வதேசச் சங்கத்தாரே, அதிக சக்தியுள்ள அலையை வளரும் எலும்புத் தட்டின் மீது பாய்ச்சக் கூடாது என்று தங்கள் விதிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். எலிக்குட்டிகளில் செய்த சோதனைகளில் ஒன்று அந்தத் தட்டில் சேதம் கண்டது, மற்றொன்று காணவில்லை. குறைந்த சக்தி அலைக்கு அந்தத் தடை எழுதப்படவில்லை என்பதும் உண்மையே. பிள்ளைகளின் முழங்கால் வலிக்கு இதை வைத்துப் பார்த்துத் திருப்தியாக எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பொய் அலைப் பிரிவு ஒன்றைப் பக்கத்தில் வைக்காமல், சிலரை மட்டும் பார்த்து எழுதியது எப்படி ருஜுவாகும்?

பின் ஏன் இவ்வளவு அவசரம்? அவசரம் பிள்ளையின் காலுக்கு இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கோப்பை வேண்டும். பயிற்சியாளருக்குப் பேர் வேண்டும். தகப்பனாருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் இடமும் சர்க்கார் உத்தியோகமும் வேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு அந்த ஒதுக்கீடு எவ்வளவு பெரிய கதவு என்பது நமக்குத் தெரியும். அந்தத் தகப்பனாரைப் பரிகசிக்க நமக்கு மனம் வராது. அந்தக் கதவுக்குள் நுழைய வேண்டிய காலையே பணயம் வைக்கிறார்களே என்பதுதான் நம் வருத்தம்.

அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தார் 2016இல் சொன்ன யோசனை மிகச் சாதாரணமானது: வாரத்தில் ஒன்றிரண்டு நாளும், வருஷத்தில் மொத்தம் மூன்று மாதமும், பிள்ளை தன் விளையாட்டிலிருந்து ஓய்வெடுக்க வேண்டும். இதற்கு யந்திரம் வேண்டியதில்லை, காசும் வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ இதை விளம்பரப் பலகையில் எவரும் எழுதுவதில்லை.

இந்தச் சம்பாஷணையிலெல்லாம் கால் யாருடையதோ அந்தப் பிள்ளையை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மேஜைமேல் படுக்கவைத்து, பல்லைக் கடித்துக்கொள் என்கிறார்கள். வலிக்கிறது என்று சொன்னால் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். பெண் குழந்தையானால், இதற்குத்தான் விளையாட்டு வேண்டாம் என்றோம் என்று பாட்டி வேறு ஆரம்பித்துவிடுகிறாள்.

ஆகவே பிள்ளையைப் பெற்றவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் நாலு கேள்வி கேட்க வேண்டும். இந்த வலிக்குப் பேர் என்ன? வலிக்கும் இடத்தில் வளரும் எலும்புத் தட்டு இருக்கிறதா? உங்கள் யந்திரம் எந்த வகை, இந்த வயதுப் பிள்ளைகளிடம் அது பொய் அலையோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டிருக்கிறதா? ஆறு வாரம் ஓட்டத்தைக் குறைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? நல்ல வைத்தியர் இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுவார். "எங்களை நம்புங்கள்" என்று மட்டும் சொல்லுகிறவரிடமிருந்து எழுந்து வந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எப்போது வலிக்கிறது, எவ்வளவு நாளாக வலிக்கிறது என்று பிள்ளையையே விசாரிக்கலாம்.