நாணயத்தை அளக்கும் உரிமை யாருக்கு?

பயன்படுத்தாத கடன் அட்டையை வங்கியிடம் ஒப்படைத்துக் கணக்கை முடித்துக்கொள்வது சிக்கனத்தின் அடையாளம் என்றே நம் மக்கள் எண்ணுகிறார்கள். வேண்டாத கடனுக்கான வாசலை அடைத்துவிட்டவரை உறவும் ஊரும் மெச்சும். கடன் தகவல் நிறுவனத்தின் கணினி மெச்சாது. அட்டையை ஒப்படைத்த சில வாரங்களில் அவருடைய கடன் மதிப்பெண் குறைந்துபோகக்கூடும். ஒரு தவணையைக்கூடத் தவறவிடாத ஒருவர், இனிக் கடன் வேண்டாம் என்று தீர்மானித்ததற்காக மதிப்பிழக்கிறார். இது எப்படி நிகழ்கிறது, இதனால் யாருக்கு ஆதாயம் என்பதை உழைக்கும் மக்கள் அறிந்துகொள்ள வேண்டிய காலம் இது. நாட்டில் புழக்கத்தில் உள்ள கடன் அட்டைகளின் எண்ணிக்கை 10 கோடியைக் கடந்துவிட்டது. 'சிபில் பார்க்க வேண்டும்' என்பது சிற்றூர் வங்கிக் கிளை வரை புழங்கும் வாசகமாகிவிட்டது.

கணக்கு நடக்கும் விதம்

ஓர் ஊழியரிடம் இரண்டு அட்டைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றின் கடன் வரம்பு 1,00,000 ரூபாய். மற்றொன்றின் வரம்பு 50,000 ரூபாய். பெரிய வரம்புள்ள அட்டையை அவர் தொடுவதே இல்லை. சிறிய அட்டையில் மளிகை, மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு என மாதம் 30,000 ரூபாய் செலவிட்டு, கெடு நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறார். அவருடைய மொத்த வரம்பு 1,50,000 ரூபாய். பயன்பாடு அதில் 20 விழுக்காடு. இப்போது, சும்மா கிடக்கும் பெரிய அட்டையை அவர் முடித்துவிடுகிறார். வருமானம் மாறவில்லை, செலவு மாறவில்லை, கட்டும் ஒழுங்கும் மாறவில்லை. ஆனால் மொத்த வரம்பு 50,000 ரூபாயாகச் சுருங்கிவிட்டதால், அதே 30,000 ரூபாய் 60 விழுக்காடாக உயர்ந்து நிற்கிறது. 30 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வங்கிகள் வழக்கமாக அறிவுரை சொல்கின்றன. கணினியின் கண்ணுக்கு அவர் ஒரே நாளில் 'கடன் பசி' மிகுந்தவராகிவிடுகிறார்.

இரண்டாவது காரணம் கணக்கின் வயது. பத்தாண்டு பழைமையான அட்டையை முடித்துவிட்டு, சென்ற ஆண்டு வாங்கியதை வைத்துக்கொண்டால், நடப்பில் உள்ள கடன் கணக்குகளின் சராசரி வயது குறைகிறது. முடிக்கப்பட்ட கணக்கின் பழைய பதிவுகள் உடனே மறைந்துவிடுவதில்லை. கடன் தகவல்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் காக்க வேண்டும் என்பது விதி. ஆயினும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணக்குக்கு உள்ள எடை, முடிந்துபோன கணக்குக்கு இருப்பதில்லை.

எத்தனை புள்ளி குறையும்? இதற்குத் திட்டவட்டமான விடையை எந்த வங்கி மேலாளராலும் சொல்ல இயலாது. 300 முதல் 900 வரையிலான இந்த மதிப்பெண்ணைக் கணக்கிடும் சூத்திரம் அந்தந்த நிறுவனத்தின் தொழில் இரகசியம். மாணவருக்கு விடைத்தாளைத் திருத்தும் முறை தெரியும். கைதிக்குக் குற்றச்சாட்டு தெரியும். கடன் கேட்பவருக்குத் தன் மதிப்பெண் எதனால் குறைந்தது என்பது முழுமையாகத் தெரியாது.

அஞ்சி அட்டையைச் சுமக்க வேண்டுமா?

இதைப் படித்துவிட்டு, மதிப்பெண்ணுக்கு அஞ்சி வேண்டாத அட்டைகளையெல்லாம் கட்டிக்காக்க வேண்டும் என்று எவரும் கருத வேண்டியதில்லை. மற்ற அட்டைகளில் நிலுவை சொற்பமாக உள்ளவருக்கு ஓர் அட்டையை முடிப்பதால் வரும் பாதிப்பு சிறியது. பயன்பாடு குறையும்போது மதிப்பெண் மீண்டுவிடும். சில மாதங்களில் வீட்டுக் கடனோ கல்விக் கடனோ கேட்கவிருப்பவர் மட்டும், அது கைக்கு வரும் வரை பொறுத்திருப்பது நல்லது. ஆண்டுக் கட்டணம் உள்ள அட்டை வேறு வகை. பயன்படுத்தாத அட்டைதானே என்று அந்தச் சிறு கட்டணத்தைக் கட்டாமல் விட்டால், தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறி, 'கட்டத் தவறியவர்' என்ற பதிவு விழும். அட்டையை முடிப்பதால் வரும் சரிவைவிட இது பன்மடங்கு கொடியது. அட்டை நிலுவைக்கு மாதம் மூன்றரை விழுக்காடு அளவில், அதாவது ஆண்டுக்கு நாற்பது விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கும் வங்கிகள் பல. 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வட்டி நியாயமற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அளித்த தீர்ப்பை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முடிப்பதென்று தீர்மானித்தவருக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் சில உரிமைகளை வழங்குகின்றன. நிலுவை முழுவதையும் செலுத்திய பின் கோரிக்கை வைத்தால் ஏழு வேலை நாட்களுக்குள் கணக்கை முடித்தாக வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாயை வங்கி வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். கோரிக்கையைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று அலைக்கழிக்கக் கூடாது. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத அட்டையை, வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, 30 நாட்களுக்குள் பதில் இல்லையெனில் வங்கியே முடித்துவிடலாம் என்பதும் அதே விதிகளில் உள்ளது. ஆகவே நாமாக முடிக்காவிட்டாலும் அட்டை முடிந்துபோகலாம். வங்கியின் அறிவிப்புகளைக் கவனிக்காமல் விடக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டினால் போதும், முடித்துத் தருகிறோம் என்று வசூல் முகவர் பேசும்போது பலர் நிம்மதியடைகிறார்கள். அப்படி முடிக்கப்படும் கணக்கு 'முழுமையாக அடைக்கப்பட்டது' என்று பதிவாவதில்லை. 'செட்டில்டு' என்று பதிவாகிறது. பின்னாளில் கடன் கேட்கும்போது அந்த ஒரு சொல் குறுக்கே நிற்கும். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தரக் கடமைப்பட்டவை. பிழையைச் சுட்டிக்காட்டி 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெறும் உரிமை உண்டு. இந்த உரிமைகளைத் தொழிற்சங்கங்கள் தம் உறுப்பினர்களிடம் கொண்டுசெல்வது இன்று அவசியமான பணி.

அளவுகோலின் உரிமையாளர்கள்

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போருக்கு 'கிரெடிட்' என்ற சொல் எப்போதும் ஒரு சவால். அதன் இலத்தீன் வேருக்கு நம்புதல் என்று பொருள். நம் மொழியில் 'கடன்' என்பது கடமையையும் குறிக்கும். 'நாணயம்' என்பது காசையும் நேர்மையையும் ஒருசேரக் குறிக்கும். நாணயமான மனிதர் என்று ஒருவரைச் சொல்வதற்கு அவரோடு பழகிய பலரின் சாட்சி வேண்டியிருந்தது. பழைய கடை வீதியின் லேவாதேவிக்காரர் நல்லவர் என்று இதனால் பொருளல்ல. சாதியும் நிலவுடைமையும் அந்தச் சாட்சியத்தைக் கறைப்படுத்தியே இருந்தன. ஆனால் அந்தக் கறையை நீக்குவதாகச் சொல்லி வந்த எண், நேர்மையை அளப்பதில்லை. கடன் கொடுப்பவருக்கு ஒருவர் எவ்வளவு பாதுகாப்பான, தொடர்ச்சியான வாடிக்கையாளர் என்பதையே அது அளக்கிறது. கடனே வாங்காத மனிதர் அதன் பார்வையில் நல்லவரும் அல்லர், கெட்டவரும் அல்லர், பதிவில்லாதவர். கடனிலிருந்து விலகுபவர் சந்தையிலிருந்து விலகுபவர்.

இந்த அளவுகோலின் உடைமையையும் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் சிபில் தொடங்கப்பட்டபோது பாரத ஸ்டேட் வங்கியும் எச்டிஎஃப்சி நிறுவனமும் அதன் முதன்மைப் பங்குதாரர்கள். இன்று அதன் பங்குகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் அமெரிக்காவின் டிரான்ஸ்யூனியன் வசம் உள்ளன. மற்ற மூன்றான ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் ஆகியவையும் அயல்நாட்டுக் குழுமங்களைச் சார்ந்தவையே. 2017இல் அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸின் கணினிகள் ஊடுருவப்பட்டு ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் தனிப்பட்ட விவரங்கள் களவுபோயின. நம் பொதுத்துறை வங்கிகள் திரட்டிய மக்களின் கடன் விவரங்கள் இத்தகைய நிறுவனங்களின் விற்பனைச் சரக்காக மாறியிருக்கின்றன. பொதுக் கடன் பதிவேடு ஒன்றை அமைக்கலாம் என்று ஒய்.எம். தேவ்ஸ்தலி தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு 2018இல் பரிந்துரைத்தது. அறிவிப்புகள் வந்த வேகத்தில் பதிவேடு வரவில்லை.

கடனைத் தாண்டிய காவல்

மதிப்பெண் வட்டி விகிதத்தைத் தீர்மானிப்பதோடு நின்றிருந்தால் கவலை குறைவு. 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், கடன் நிலுவைப் பதிவுகளைக் காட்டி ஓர் இளைஞரின் நியமனத்தைப் பாரத ஸ்டேட் வங்கி ரத்து செய்தது சரியே என்று தீர்ப்பளித்தது. வேலை இல்லாததால் கடன் கட்ட முடியாமல் போகிறது. கடன் கட்டாததால் வேலை மறுக்கப்படுகிறது. இந்தச் சுழலிலிருந்து அந்த இளைஞர் வெளியேறும் வழி எது? இதற்கு மாறாக, குறைந்த மதிப்பெண்ணைக் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023இல் கேரள உயர்நீதிமன்றம் கூறியது மனிதநேயமிக்க அணுகுமுறை. பயிர்க்கடனுக்கு சிபில் மதிப்பெண் கேட்கும் வங்கிகளை மகாராஷ்டிர முதலமைச்சரே எச்சரிக்க நேர்ந்தது. வானத்தை நம்பி விதைப்பவரின் தவணையை மாதச் சம்பளக்காரரின் அளவுகோலால் அளப்பது எவ்வளவு பொருந்தாதது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மறுபுறம், பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் 16 லட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக ஒன்றிய நிதியமைச்சர் 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அதில் சரிபாதிக்கு மேல் பெருந்தொழில், பெருஞ்சேவை நிறுவனங்களுடையது. நீக்கம் என்பது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும் என்று அரசு விளக்கம் தருகிறது. அந்த விளக்கத்தின் நிழல் பெருநிறுவனங்களுக்கு எட்டுகிறது. ஒரு தவணை தவறிய ஆட்டோ ஓட்டுநருக்கு எட்டுவதில்லை. அவருடைய பெயருக்கு நேரே விழுந்த பதிவு ஆண்டுக்கணக்கில் அழிவதில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. மதிப்பெண் கணக்கிடப்படும் முறை பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். நிலுவையின்றி அட்டையை முடித்தவரின் மதிப்பெண் அதன் காரணமாகக் குறையக் கூடாது. வேலைவாய்ப்பு, கல்விக் கடன், பயிர்க்கடன் ஆகியவற்றில் இந்த எண்ணுக்கு இடமளிக்கக் கூடாது. மக்களின் கடன் விவரங்கள் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டபோது, யாருக்குக் கடன் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் பொதுநலனுக்குக் கட்டுப்பட்டது என்ற கோட்பாடு நிலைநாட்டப்பட்டது. வங்கிகள் பெயரளவில் பொதுத்துறையில் இருக்க, அந்த அதிகாரம் மட்டும் ஒரு மூன்றிலக்க எண்ணாகக் கடல் கடந்து போய்விடுவதை நாம் ஏற்க முடியாது.