கருவுற்றவளின் முகத்தில் நாம் காணும் குறை



எமது பெண்கள் மதரஸாவில் ஓதும் இளம் சகோதரி ஒருவர், பெண்கள் மட்டுமே இருந்த வகுப்பிலும் முகத்திரையை விலக்கத் தயங்கினார். அவருக்கு அது ஏழாம் மாதம். தனியே அழைத்துக் கேட்டேன். கன்னங்களில் மங்கு படர்ந்திருந்தது. "பிள்ளை உண்டானதும் முகம் இப்படிக் கறுத்துவிட்டதே" என வீட்டுக்கு வரும் உறவினர் ஒவ்வொருவரும் சொல்கிறார்களாம். வளைகுடாவிலிருந்து வந்த ஒருவர் கொடுத்த, முகத்தை வெளுக்கச் செய்யும் கிரீமைப் பூசத் தொடங்கியிருந்தார். அந்த டப்பாவில் சேர்மானங்கள் குறித்து ஓர் எழுத்தும் இல்லை.

கர்ப்ப காலத்தில் சுரப்புகள் மிகுவதால் தோலின் நிறமியும் மிகுகிறது. முகத்தில் மங்கு, வயிற்றின் நடுவே கருங்கோடு, கழுத்திலும் அக்குளிலும் கருமை ஆகிய அனைத்தும் அதன் விளைவே. இவை நோயல்ல. பிரசவத்திற்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் மங்கிவிடும். சிலருக்கு ஓரளவு எஞ்சலாம். வெயில் மங்கை அதிகப்படுத்தும். எனவே குடை பிடிப்பதும், துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் பூசுவதும் போதுமானவை.

உண்மையான ஆபத்து அந்த டப்பாவில் இருக்கிறது. இத்தகைய கிரீம்கள் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டும் கலக்கப்படுகின்றன. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வந்த சிலரை மருத்துவர்கள் விசாரித்தபோது, அவர்கள் வெளுக்கச் செய்யும் கிரீம்களைப் பூசி வந்தது தெரிந்தது. பாதரசம் தாயோடு நிற்பதில்லை. நஞ்சுக்கொடி வழியே சிசுவையும் சென்றடைகிறது. மங்கை நீக்க மருத்துவம் செய்வது தவறென நான் கூறவில்லை. பிரசவமும் பாலூட்டலும் முடிந்தபின் தோல் மருத்துவரிடம் கேட்டுச் செய்யலாம்.

இதில் என்னை வருந்தச் செய்வது வேறொன்று. தீங்கற்ற கருமையை அனைவரும் கவனிக்கிறோம்; கவனிக்க வேண்டியதை விட்டுவிடுகிறோம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தடிப்பு ஏதுமின்றி உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பு ஏற்பட்டு, இரவில் அது கூடுமானால், "உடல் சூடு" என்று சொல்லி எண்ணெய் தடவி உறங்க வைக்காதீர்கள். கல்லீரலில் பித்தநீர் ஓட்டம் தடைப்படுவதன் அடையாளமாக அது இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அலட்சியம் செய்தால் சிசுவின் உயிருக்கே ஆபத்து நேரலாம். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வெள்ளையருக்குக் கறுப்பரைவிட மேன்மை இல்லை என்பதை இறுதிப் பேருரையில் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துச் சென்றார்கள். பாங்கு சொல்லும் சிறப்பைக் கருநிறத்தவரான பிலால் (ரலி) அவர்களுக்கே வழங்கினார்கள். ஜும்ஆ பயானில் இதைக் கேட்டுக் கண் கலங்கும் நாம், வீடு திரும்பி மருமகளின் கன்னத்தைப் பார்த்து முகம் சுளிக்கலாமா? குர்ஆனின் லுக்மான் அத்தியாயம், தாய் பலவீனத்தின் மேல் பலவீனத்தோடு சுமப்பதை நினைவூட்டி, பெற்றோருக்கு நன்றி செலுத்தச் சொல்கிறது. அந்தச் சுமையின் தடங்களுள் ஒன்றே இந்த மங்கு.

மாமிமார்களே, கணவன்மார்களே! அவளைக் காணும்போது முதலில் நிறத்தைக் கேட்காதீர்கள், "இரவில் நன்றாக உறங்கினாயா, எங்கேனும் அரிப்பு உண்டா?" என்று கேளுங்கள். அந்தச் சகோதரி கிரீமை நிறுத்திவிட்டு, டப்பாவோடு மருத்துவரிடம் சென்று வந்துள்ளார். அடுத்த வகுப்பில் முகத்திரையை விலக்கி அமர்ந்தார், அல்ஹம்துலில்லாஹ். கருவுற்ற நம் பெண்மக்கள் அனைவருக்கும் அல்லாஹ் சுகப் பிரசவத்தை அருள்வானாக. ஆமீன்.